சீழ்ப்படையில பதினோரு பேர்

நான் பெயிண்ட் அடிச்ச பதினோரு பொம்மையும் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு, ஃபேக்டரி சங்கு ஊதி ஓயறதுக்குள்ள, சொல்லி வெச்ச மாதிரி ஒண்ணா ஒளி விட ஆரம்பிச்சுது. நெருப்பு இல்ல, புகை இல்ல, சத்தம் இல்ல; எங்கெங்க புண்ணுன்னு நான் வரைஞ்சிருந்தேனோ, வயித்துல, விலாவுல, கழுத்துக்குக் கீழ, அங்கங்க இருந்து பச்சையா ஒரு வெளிச்சம் கசிஞ்சு வந்துச்சு. ஜன்னல் வழியா மார்ச் மாச வெயில் மேஜை பூரா கொட்டிக் கிடந்தும் அந்த வெயில்ல கரையாம அது தனியா நின்னுச்சு. கீழ ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கற இம்தியாஸ், மாடி ரூமை எங்களுக்கு விளையாட விட்டிருக்கறவன், மேல வந்து பார்த்துட்டு, "நல்லா வந்திருக்கு எஸ்தர், ஆனா அந்த மூணாவது ஆளுக்குக் கொஞ்சம் ஓவர்"ன்னான். விரலால தொட்டுப் பார்த்தான். "சுடுது. ஃபேனைப் போடு"ன்னுட்டு இறங்கிப் போயிட்டான். அவனுக்குக் கீழ ஆதார் காப்பி எடுக்க ஒன்பது பேரு நின்னாங்க.

பொம்மைன்னா கொலு பொம்மை இல்ல. ஒரு இஞ்ச் உசரத்துக்குப் பிளாஸ்டிக் சிப்பாய்ங்க. ரெண்டு பேரு ஆளுக்கொரு படைய வெச்சுக்கிட்டு, டேப்பால தூரம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி, யாரு யாரைக் கொன்னாங்கன்னு பார்க்கற விளையாட்டு. வெளிநாட்டுல இதுக்குன்னே தனிக் கடை இருக்காம். நாங்க பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்துல பாக்கெட்ல அடைச்சு விக்கற பச்சை சிப்பாய்ங்கள வாங்கி, பிளேடால கை காலை வெட்டி, கம்பி சொருகி, பைப் ஒழுகினா அடைக்கிற எம்சீலைப் பிசைஞ்சு சதை வெச்சு, வேற ஆளா மாத்திடுவோம். காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிக்கிற பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேக்கறவங்க கேட்டு முடிங்க, நான் நிக்கறேன். முடிச்சாச்சா? நாள் பூரா கிரிக்கெட் பார்க்கற மாமாங்கள யாரும் இந்தக் கேள்வி கேக்கறதில்லைங்கறத மட்டும் மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க.

நாங்கன்னா நானும் குபேந்திரனும். எங்க தெருவுலயே நாலு வீடு தள்ளி இருக்கற பச்சையம்மா அத்தையோட ஒரே பையன், எங்க காலேஜ்லயே பி.காம். காதலான்னு ஆரம்பிக்காதீங்க, அவனோட சண்டை போடவே எனக்கு நேரம் சரியா இருந்துச்சு. எங்க படைக்கு சீழ்ப்படைன்னு பேரு: நோவு வந்து செத்தும் கீழ விழ மறந்து நடந்துக்கிட்டே இருக்கற சிப்பாய்ங்க. சதை அவன் வேலை, கலர் என் வேலை. எம்சீல் இறுகறதுக்குள்ள குண்டூசி முனையால கொப்புளம் கிளப்பி, கிழிஞ்ச தோலை மடிச்சு விட்டு, உள்ள இருக்கறது வெளிய தொங்கற மாதிரி அவன் வெச்சுக் குடுத்தான்னா பார்க்கறவங்களுக்கு மத்தியானச் சோறு இறங்காது. அதுக்கு மேல நான் கருஞ்சிவப்பைத் தண்ணியாக் கரைச்சு விடுவேன், அது தானாப் பள்ளத்துல போய் உக்காரும். மேட்டுல தோல் நிறம், நரம்புக்குக் கொஞ்சம் கத்திரிப்பூ, சீழுக்கு மஞ்சள்ல ஒரு சொட்டுப் பச்சை, கடைசியா ஈரமாத் தெரியறதுக்குக் கலர் இல்லாத நெயில் பாலிஷ். புண்ணு உள்ளேர்ந்து ஒளி விடற மாதிரி வரையறதுல மட்டும் என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது, சென்னையில நடந்த போட்டியில ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்கினேன். ஆனா குபேந்திரனுக்கு மூஞ்சி மட்டும் வராது. அவன் வெச்ச மூஞ்சியெல்லாம் மேல யாரோ உக்காந்து எழுந்த இட்லி. கடைசியாப் பார்த்தப்பக்கூட அதுக்குத்தான் சண்டை. "உனக்கு மனுஷங்களப் பார்த்துப் பழக்கமே இல்லடா, அதான் மூஞ்சி வரல"ன்னேன். "உன் மூஞ்சியத்தான தினமும் பாக்கறேன், வேற இன்னா வரும்?"ன்னான். பதினோரு சிப்பாய்ங்கள ஷூ டப்பாவுல போட்டு என் மடியில வெச்சுட்டு, கதவை அறைஞ்சு சாத்திட்டுப் போனான்.

மறுநாள் தை மாசம் மூணாவது வியாழக்கிழமை, காலைல பத்தேகாலுக்கு ஃபேக்டரியில மூணாவது பிளான்ட்டு வெடிச்சுது.

எங்க ஊரு பேரு வெண்ணாம்பேட்டை. கிணத்துல தண்ணி செவப்பா வரும், பேர்ல மட்டும்தான் வெள்ளை. கம்பெனி நாலு பேரு செத்தாங்கன்னுச்சு. நாலு பெட்டி வந்துச்சு, ஆணி அடிச்சு, திறக்கக் கூடாதுங்கற உத்தரவோட. நாலு பேருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினாங்க, நாலு பேருக்கும் பெரிய மனுஷங்க மாலை போட்டாங்க, பதினாறு முடியறதுக்குள்ள சங்கு மறுபடி ஊதுச்சு. குபேந்திரன் வீட்டுக்கு வரல. சொல்லிக்காம திருப்பூர் போயிட்டான்னாங்க. எங்க ஊர்ல ஒரு பையனைக் காணோம்னா திருப்பூர்னு சொல்லிட்டுத் தூங்கிடலாம். நானும் நம்பினேன். என்னோட சண்டை போட்டுட்டுத்தான் போனான்னு நம்பறது எனக்கு வசதியா இருந்துச்சு. அவன் திரும்பி வர்றப்ப மூஞ்சில விட்டெறியணும்னுதான் அந்தப் பதினோரு பேருக்கும் நாள் கணக்கா உக்காந்து பெயிண்ட் அடிச்சேன். ஆத்திரத்துல அடிச்சதால ரொம்ப நல்லா வந்துச்சு.

செவ்வாய்க்கிழமை ஒளி வந்துச்சுன்னேன் இல்ல, அன்னைக்கு நாலு மணிக்குள்ள மூஞ்சியும் வந்துடுச்சு. இட்லி இட்லியா இருந்த எடத்துல மெதுவா மூக்கு எழும்பி, கண்ணு குழிஞ்சு, தாடை நீண்டு, பதினோரு பேரும் பதினோரு ஆளா ஆனாங்க. நாலு பேரு போஸ்டர்ல இருந்தவங்க. மூணு பேரு ஒடிசாவுலேர்ந்து வந்து கோயில் பின்னாடி ஷெட்ல தங்கியிருந்தவங்க. மத்தவங்கள்ல ஒருத்தரு, அவரும் திருப்பூர் போயிட்டதா பேசிக்கிட்ட வெல்டர் நல்லதம்பி, ரெண்டு பேரு பக்கத்து ஊர் அண்ணன் தம்பிங்க. பதினோராவது சிப்பாய்க்கு இடது புருவத்துல ஒரு வெட்டு இருந்துச்சு, சின்ன வயசுல எங்க வீட்டு கேட்ல மோதி நாலு தையல் போட்டது. வயித்துல நான் வரைஞ்ச புண்ணுலேர்ந்து வர்ற வெளிச்சம் கீழேர்ந்து அவன் தாடையில பட்டுச்சு.

கையில பொத்தி எடுத்துட்டுப் போய்ப் பச்சையம்மா அத்தைகிட்ட நீட்டினேன். அத்தை முறத்துல அரிசி பார்த்துட்டிருந்துச்சு. வாங்கி, முந்தானையால தொடைச்சு, கண்ணுக்குக் கிட்ட வெச்சு ரொம்ப நேரம் பார்த்துச்சு.

"எளைச்சுட்டான்"னுச்சு.

ஒரு இஞ்ச் ஆளப் பார்த்து.

ஏன் வந்துச்சு, எப்படி வந்துச்சுன்னு என்கிட்ட கேக்காதீங்க. பாஸ்டர் இது சாட்சின்னாரு, பூசாரி இது ஆவின்னாரு, கரன்ட் ஆபீஸ் லைன்மேன் எர்த் சரியில்லைன்னாரு. மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுக்கிட்டு மூணு பக்கமாப் போனதோட அந்த ஆராய்ச்சி முடிஞ்சுது. அதுக்கப்புறம் பொம்மைங்க அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுச்சு, ஊருக்கு இருந்த கேள்வியெல்லாம் வேற: பொம்மைய எந்தப் பக்கம் பார்த்து வைக்கறது, கறி சமைக்கிற அன்னைக்கு மூடி வைக்கணுமா, தலைக்குக் குளிப்பாட்டினா பெயிண்ட் போயிடுமா. கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொன்னேன், சோப்பு கூடாதுன்னு. நல்லதம்பி பொண்டாட்டி அவரை சிங்க் மேல ஜன்னல்ல வெச்சு, ஒழுகற குழாயக் காட்டி, "இருந்தப்பதான் பாக்கல, இப்பவாவது பாரு, நாள் பூரா பாரு"ன்னு தினமும் திட்டிச்சு. ஒடிசாக்காரங்க மூணு பேருக்கும் இங்க வீடு இல்லாததால டீக்கடை மாஸ்டர் அவங்கள பன் பாட்டில் மேல வரிசையா நிக்க வெச்சு, காலைல கடை திறந்ததும் மூணு கிளாஸ் டீ முன்னாடி வெச்சாரு, ஒருத்தருக்கு மட்டும் சக்கரை கம்மி. அவங்க பேரு அவருக்குத் தெரியாது, சக்கரை தெரியும். ரேஷன் க்யூவுல, "உங்க வீட்ல எப்படி இருக்காரு?"ன்னு கேட்டா, "பரவால்ல, நேத்து கொஞ்சம் மங்கலா இருந்தாரு, இன்னைக்குத் தெளிவு"ன்னு பதில் வரும். பொம்மை இருக்கற வீட்ல பால் சீக்கிரம் திரியுதுன்னு ஒரு புகார் இருந்துச்சு. அதுக்கு யாரும் பொம்மைய வெளிய வைக்கல, பாலைத்தான் பக்கத்து வீட்ல வெச்சாங்க.

ஆனா ஒரு மணிக்கு சங்கு ஊதறப்ப மட்டும் யாரும் பேச மாட்டாங்க. அப்ப பதினோரு பேரோட வெளிச்சமும் ஒண்ணா ஏறும். கையில எடுத்த சோறு கையிலயே நிக்கும், டீக்கடையில பேப்பர் மடிக்காம நிக்கும், கிளாஸ்ல டீச்சர் போர்டுல பாதி எழுதின எழுத்தோட நிப்பாங்க. சங்கு நின்னு, வெளிச்சம் இறங்கி, சதை ஆறறப்ப வர்ற அந்த லேசான வாடை தெருவக் கடந்து போனதும் மறுபடி சாப்பிடுவாங்க. ஒரு ஊரே அப்படி சாப்பிடக் கத்துக்குச்சு. அதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் பத்திக்கிட்டு வருது. கத்துக்கக் கூடாதுன்னு கத்தினேன், மெயின் ரோட்ல நின்னு கத்தினேன். "நாலு பேருன்னு சொன்னானே, பதினோரு பேரு எரியறாங்களே, எண்ணத் தெரியாதா யாருக்கும்?"

"எண்ணத் தெரியும் பாப்பா"ன்னாரு டீ மாஸ்டர். "எண்ணிச் சொன்னா எங்க போய் நிக்கறதுன்னுதான் தெரியாது."

அப்ப நான் போய் நின்னேன். கணக்குல வராத மிச்ச ஏழு பேரையும் செத்தவங்க பட்டியல்ல சேர்க்கணும்னு மனு எழுதி, இம்தியாஸ் கடையில முப்பது காப்பி எடுத்து, கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து லேபர் ஆபீஸ் வரைக்கும் ஒவ்வொரு ஜன்னல்லயும் சொருகினேன். பச்சையம்மா அத்தை கூடவே வந்துச்சு. அதுக்கு வேண்டியது ஒண்ணுதான், பையன் பேரு அந்தக் காகிதத்துல வரணும். பேரு வந்தாத்தான் அவனுக்குக் காரியம் பண்ண முடியும், செத்தான்னு எவனும் எழுதாதவனுக்கு எந்தக் கணக்குல திதி குடுக்கறதுன்னு அது கேட்டுச்சு. திருப்பூர்ல இருக்கறவனுக்குப் பிண்டம் வெச்சா அது அவனையே சாபமாப் புடிக்கும்னு பயந்துச்சு. கையில அவனே பச்சையா எரிஞ்சிட்டிருந்தான், ஆனாலும் காகிதம் வேணும்னுச்சு. சிரிக்காதீங்க. காகிதம் இல்லாம இந்த நாட்ல உயிரோடவும் இருக்க முடியாது, சாகவும் முடியாது.

மூணு வாரம் கழிச்சு கம்பெனி பதில் வந்துச்சு. ரெண்டு பக்கம், நல்ல பேப்பர். சம்பவ நாளன்னைக்கு கேட்டுக்குள்ள போன டோக்கன் எல்லாம் கணக்குல இருக்காம். மனுவுல சொன்ன ஏழு பேர் பேர்லயும் டோக்கனே கிடையாதாம். செத்த நாலு பர்மனென்ட்டு ஆளுங்க தவிர, மூணாவது பிளான்ட்டுக்குள்ள போனது ஒப்பந்தத் தொழிலாளிங்க டோக்கன் ஏழு, ஏழு பேரும் உயிரோட வேலைக்கு வந்துட்டிருக்காங்களாம். கீழ ஏழு நம்பர். கடைசி நம்பர் முன்னூத்திப் பதினேழு.

எங்க வீட்ல, அப்பா ஃபேக்டரிக்கு எடுத்துட்டுப் போற ஒரு டிபன் கேரியர் இருக்கு. அதோட மூடியில அதே நம்பரு ஆணியால கீறியிருக்கும்.

ஆள் மாத்து எங்க ஊர்ல குழந்தைக்கும் தெரியும். ஒப்பந்த ஆளுக்கு உடம்பு முடியலன்னா லீவு கிடையாது, தொடர்ந்து ரெண்டு நாள் வரலன்னா டோக்கனப் புடுங்கிடுவாங்க. அதனால தன் டோக்கனையும் சட்டையையும் வேற ஒருத்தருக்குக் குடுத்து அனுப்புவாங்க. கேட்ல டோக்கனத்தான் எண்ணுவாங்க, மூஞ்சிய யாரும் பார்க்க மாட்டாங்க. சூப்பர்வைசருக்குத் தெரியும், எச்.ஆருக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம். அந்த வியாழக்கிழமை நான் காலேஜ்லேர்ந்து மூச்சிரைக்க ஓடி வந்தப்ப அப்பா வீட்ல, கட்டில் மேல உக்காந்திருந்தாரு. கட்டிப் புடிச்சு அழுதேன். அடுத்த ஞாயித்துக்கிழமை அம்மா சபையில எந்திரிச்சு நின்னு, கர்த்தர் என் புருஷனை அக்கினியிலேர்ந்து தப்புவிச்சாருன்னு சாட்சி சொன்னாங்க. எல்லாரும் அல்லேலூயா சொன்னாங்க. நான்தான் சத்தமா சொன்னேன்.

"முன்னூத்திப் பதினேழு யாரு நம்பருப்பா?"

அப்பா வேலைச் சட்டையக் கொடியில காயப் போட்டுட்டிருந்தாரு. "தெரிஞ்சுக்கிட்டேதான கேக்கற."

"உங்களுக்குப் பதிலா அவன் போனானா?"

"முதுகு புடிச்சுக்கிச்சு. அதுக்கு முந்தின நாளும் போகல. தம்பிதான், நான் போறேன் மாமா, எனக்கு இன்னிக்கு கிளாஸ் இல்லன்னுச்சு."

"ரெண்டு மாசமா அத்தை தெருத்தெருவா அலையுது. நீங்க ஜன்னலச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

"நான் வாயத் திறந்தா இன்னா ஆவும் தெரியுமா உனக்கு? ஆள்மாறாட்டம்னு என்னையத்தான் உள்ள வெப்பான். வேலை போவும். உன் காலேஜும் அதோட போவும்."

"என் காலேஜை இதுல இழுக்காதீங்க."

"எப்படி இழுக்காம இருக்கறது? அதுக்குத்தான அங்க போறேன்."

நான் வாக்குவாதத்துல யார்கிட்டயும் தோத்ததில்ல. புரொபசர்கிட்ட தோத்ததில்ல, பாஸ்டர்கிட்ட தோத்ததில்ல, பஸ் கண்டக்டர்கிட்ட தோத்ததில்ல. அன்னைக்குத் தோத்தேன். கடைசியா, "ஒரு தடவை வந்து அவனைப் பாருங்க, அது போதும்"ன்னேன். ஊர்ல எல்லாரும் பார்த்தாச்சு, பக்கத்து ஊர்லேர்ந்து ஷேர் ஆட்டோ வெச்சு வந்து பார்த்தாங்க, அப்பா மட்டும் அந்த வீட்டைத் தாண்டறப்பத் தரையப் பார்த்துக்கிட்டே போவாரு.

"மாட்டேன்"ன்னாரு. க்ளிப்பு ஒண்ணொண்ணா மாட்டினாரு.

சித்திரை பொறந்ததும் விசாரணைன்னு கூப்பிட்டாங்க. தாலுகா ஆபீஸ் ஹால், காலைல பதினோரு மணி, மேல நாலு ஃபேன், அதுல ரெண்டு சுத்துச்சு. சப் கலெக்டர் மேடம் வயசுல சின்னவங்க, கேக்கற மாதிரி முகம். கம்பெனி சார்புல எச்.ஆர். சார் இஸ்திரி கலையாத சட்டையில வந்திருந்தாரு. பின்னாடி கடைசி பெஞ்சுல, கதவுக்குப் பக்கத்துல, எங்கப்பாவை உக்கார வெச்சிருந்தாரு, உயிரோட இருக்கற டோக்கனுக்கு சாம்பிளா. மத்த ஆறு டோக்கன்காரங்களும் வெளிய வேப்பமரத்தடியில நின்னாங்க. பச்சையம்மா அத்தை முந்தானை முடிச்சை அவுத்து குபேந்திரனை மேஜை மேல, ஃபைல் அட்டை மேல நிக்க வெச்சுச்சு. மேடம் கண்ணாடியக் கழட்டிட்டுக் குனிஞ்சு பார்த்தாங்க. டைப்பிஸ்ட் பார்த்தாரு, டவாலி போட்ட பியூன் பார்த்தாரு, ஹால் பூரா எட்டி எட்டிப் பார்த்துச்சு.

"மேடம், இது பெயிண்ட்"ன்னாரு எச்.ஆர். சார். செல்லை நீட்டினாரு. அதுல நான், கையில கோப்பையோட, பல்லக் காட்டிக்கிட்டு. "இந்தப் பொண்ணுதான் செஞ்சது. பொம்மைக்குள்ளேர்ந்து வெளிச்சம் வர்ற மாதிரி பெயிண்ட் பண்றதுல ஸ்டேட் லெவல் பிரைஸ். திறமை இருக்கு, நான் மறுக்கல. ஆனா ஒரு பெயிண்டரோட திறமைய வெச்சு டெத் ரிஜிஸ்டர்ல பேரு எழுத முடியுமா?"

"சார், கண்ணு இருக்கா உங்களுக்கு? தொட்டுப் பாருங்க, சுடுது!"

"வெயில்ல வெச்சிருந்தா பிளாஸ்டிக் சுடத்தான்மா செய்யும்."

"உக்காரும்மா"ன்னாங்க மேடம். அவங்க குரல்ல கோபம் இல்ல, அதான் இன்னும் எரிஞ்சுது. "நீ சொல்றத நம்பறதுக்கு எனக்கு ஆசையா இருக்கு. ஆனா அவர் கேக்கறதுக்கு நீயே பதில் சொல்லு. பெயிண்ட் இல்லைன்னு எப்படி எழுதறது?"

"கறுப்பு அடிக்கிறேன்"ன்னேன். "பெயிண்ட்ல வரைஞ்ச வெளிச்சம்னா ஒரு கோட் கறுப்புல செத்துப் போயிடும். நிஜ வெளிச்சம்னா கறுப்பையும் மீறி வரும். இங்கயே, உங்க கண்ணு முன்னாடி அடிக்கிறேன்."

வாய் முந்திக்கிச்சு. எனக்கு எப்பவும் அதுதான் வியாதி. கலர் சரியா வரலன்னா மேல கறுப்பை அடிச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கறது எங்க வேலையில தினமும் பண்றது, நூறு தடவை பண்ணியிருக்கேன். பொம்மையப் பத்திப் பேசற மாதிரியே பேசிட்டேன். சொல்லி முடிச்சுத் திரும்பினப்பத்தான் பச்சையம்மா அத்தை மூஞ்சியப் பார்த்தேன்.

"அத்தை, வேணாம்னா..."

"அடி"ன்னுச்சு அத்தை. "ஒரு தடவ எரிஞ்சவன்தான. கறுப்பு அவனுக்கு இன்னா புதுசு."

பையிலேர்ந்து பாட்டிலையும் பிரஷ்ஷையும் எடுத்தேன். கால்லேர்ந்து ஆரம்பிச்சேன். முட்டி, தொடை, அவனே வெச்ச சதை, அதுல நான் விட்ட கருஞ்சிவப்பு, வயித்துப் புண்ணு. பிரஷ் அங்க பட்டப்ப கை வழியா ஒரு சூடு தோள் வரைக்கும் ஏறுச்சு. நான் நிறுத்தல. மூஞ்சிய மட்டும் கடைசியா வெச்சேன். புருவத்து வெட்டுல கறுப்பு இறங்கி நிரம்பறதப் பார்த்தேன், வாயை மூடினேன், கண்ணை மூடினேன், மேஜையில வெச்சேன்.

வெளிச்சம் வரல.

ஃபைல் அட்டை மேல கறுப்பா ஒரு சின்னக் கட்டை நின்னுச்சு. எச்.ஆர். சார் சிரிக்கல, சிரிக்கத் தேவை இல்லாதவங்க உக்காருவாங்களே, அப்படி சாஞ்சு உக்காந்தாரு. அத்தை கையை நீட்டி அவனை எடுக்கப் போயி, பெயிண்ட் காயலன்னு கையை இழுத்துக்குச்சு. நான் ரெண்டாவது தடவையா அவனைக் கொன்னிருந்தேன், அதுவும் எல்லாரும் பார்க்க, பந்தயம் கட்டி. மேடம் மெதுவா பேனா மூடியக் கழட்டினாங்க.

"மேடம்"ன்னாரு டைப்பிஸ்ட். "உங்க கன்னம்."

மேடம் கன்னத்துல பச்சை இருந்துச்சு. கீழேர்ந்து மேல அடிச்ச பச்சை, தாடையில தொடங்கி உதட்டுக்கு அடியில பட்டு, மூக்கு நிழலை நெத்திப் பக்கமாத் தூக்கி விட்டிருந்துச்சு. அவங்க தலையத் திருப்பினாங்க, அது நகரல. டைப்பிஸ்ட்டுக்கும் அதே. டவாலிக்கும் அதே. எச்.ஆர். சார் கைக்குட்டையால தேய்ச்சாரு, தேய்க்கத் தேய்க்கத் தோல்தான் சிவந்துச்சு. அவனை எந்தப் பக்கம் நின்னு பார்த்தாங்களோ அந்தப் பக்கம், எவ்வளவு கிட்ட போய்ப் பார்த்தாங்களோ அவ்வளவு அழுத்தமா, ஹால்ல இருந்த அத்தனை பேர் மேலயும் அவன் வெளிச்சம் அப்பியிருந்துச்சு.

எனக்குப் புரிஞ்சுது, எனக்கு மட்டும்தான் புரிஞ்சிருக்கும். வெளிச்சம் வரையறப்ப விளக்கு வேற, விளக்கு பட்ட எடம் வேற, ரெண்டையும் தனித்தனியாத்தான் பூசணும். விளக்கைக் கறுப்பால மூடினா விளக்கு மட்டும்தான் போகும். பட்ட எடத்துல பட்டது பட்டதுதான்.

ஹால்ல இல்லாம, ஊர்ல அவனைப் பார்த்திருந்தவங்க மேலயும் அதே பச்சை; இன்னைக்கு வரைக்கும் அது போகல. எங்க ஊர் போட்டோ ஸ்டுடியோக்காரரு பாஸ்போர்ட் சைஸ் எடுக்கறப்ப எதிர்ப்பக்கம் ஒரு லைட் கூட வைக்கறாரு, பொண்ணு பார்க்க வர்றவங்க எந்தக் கன்னம்னு முன்கூட்டியே கேட்டுக்கறாங்க, மாத்தல் ஆகிப் போன ஊர்லயும் மேடம் அந்தத் தாடையோடதான் கோப்புல கையெழுத்துப் போடறாங்களாம். பச்சையம்மா அத்தைக்கு மட்டும் முகம் பூரா, ரெண்டு கையும், மார்பும்.

அன்னைக்கு ஹால்ல ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நின்னப்ப, மேடம் கண்ணு ஒவ்வொரு பெஞ்சாப் போய்க் கடைசியில நின்னுச்சு.

"அவர் மேல மட்டும் ஏன் இல்ல?"

எங்கப்பா குனிஞ்சு செருப்பைப் பார்த்துட்டிருந்தாரு. மூஞ்சி வெறும் மூஞ்சியா இருந்துச்சு, மாநிறம், மூணு நாள் தாடி.

"அவர் எங்க ஆளு மேடம்"ன்னாரு எச்.ஆர். சார், கைக்குட்டைக்குள்ளேர்ந்து. "டோக்கன் முன்னூத்திப் பதினேழு, இஸ்ரவேல். அவர் எதுக்கு..."

எனக்கு பதில் தெரியும். நாக்கு நுனியில நின்னுச்சு, பல்லால கடிச்சு நிறுத்தினேன். பொறந்ததுலேர்ந்து நான் அடக்கின ஒரே வார்த்தை அதுதான். அதை நான் சொல்லிட்டா அவருக்குன்னு சொல்றதுக்கு எதுவும் இருக்காது.

பச்சையம்மா அத்தை அவரைத் திரும்பிப் பார்த்துச்சு. திட்டல. பச்சையா எரியற அந்த மூஞ்சிய அவர் பக்கம் திருப்பி வெச்சுக்கிட்டு சும்மா நின்னுச்சு.

அப்பா எந்திரிச்சாரு. முதுகு இன்னும் சரியாகல, பெஞ்சைப் புடிச்சுத்தான் எந்திரிச்சாரு. மேஜை வரைக்கும் நடந்து வந்து, ஃபைல் அட்டை மேல இருந்த கறுப்பை முதல் தடவையா நேராப் பார்த்தாரு. அவர் மேல எதுவும் படல. படறதுக்கு அதுல ஒண்ணும் மிச்சம் இல்ல.

"டோக்கன் என்னுது மேடம். உள்ள போனது நான் இல்ல."

"யாரு போனது?"

"குபேந்திரன். இவங்க புள்ளை."

எச்.ஆர். சார், "யோசிச்சுப் பேசுங்க இஸ்ரவேல், இது கிரிமினல் கேஸு"ன்னாரு. அப்பா அவர் பக்கம் திரும்பவே இல்ல. வெளிய வேப்பமரத்தடியிலேர்ந்து ஒருத்தரு செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்தாரு, முன்னூத்தி ஒம்பது என்னுதுன்னாரு. அவர் பின்னாடி இன்னொருத்தரு. ஆறு பேர் மூஞ்சியும் வெறும் மூஞ்சியாத்தான் இருந்துச்சு; அப்பா மாதிரியே அவங்களும் தரையப் பார்த்துக்கிட்டே போனவங்கன்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

மேடம் ரிஜிஸ்டரை இழுத்துக்கிட்டு முதல் பேரை எழுதினாங்க. அதைப் பார்க்கறதுக்குத்தான் அத்தை அத்தனை ஆபீஸ் படி ஏறுச்சு. ஆனா அப்ப அது ரிஜிஸ்டர் பக்கமே பார்க்கல.

"போறப்ப இன்னாண்ணா சொன்னான்?"

அப்பா அத்தை பக்கம் திரும்பினாரு. "என் சட்டையத்தான் போட்டுக்கிட்டான். லூசா இருக்கு மாமா, ஊக்கு இருக்கான்னு கேட்டான்."

"குடுத்தியா?"

"தேடிக் குடுத்தேன்."

"எங்க குத்திக்கிட்டான்?"

அப்பா தன் சட்டையில, ரெண்டாவது பட்டனுக்குக் கொஞ்சம் மேல, ஒரு விரலை வெச்சுக் காட்டினாரு. அத்தை கிட்ட வந்து அந்த எடத்தைப் பார்த்துச்சு. எழுதிட்டிருந்த மேடம் பார்த்தாங்க, தேய்ச்சிட்டிருந்த எச்.ஆர். சாரும் பார்த்தாரு, பச்சை படிஞ்ச அத்தனை மூஞ்சியும் பார்த்துச்சு. அப்பா விரலை எடுக்கல.